ஆடிய டீப்பாய் கால்: புதுப்பிப்பு

ஆணியே இல்லாமல் தேக்கில் டீப்பாய் செய்வதாகவும், ஒரு காலில் கழுந்து, அதாவது துளையில் செருகும் மரநாக்கு, துளைக்குள் தளர்ந்து ஆடுவதாகவும் போன மாதம் எழுதியிருந்தேன். பசையை நிறைய ஊற்றி அடைக்கச் சிலர் சொன்னீர்கள், மனம் ஒப்பவில்லை. இடைவெளியை நிரப்பும் அளவுக்குச் சாதாரண மரப்பசைக்கு வலு கிடையாது. அதே மரத்தின் மெல்லிய சீவலை, ரேகை ஒத்துப்போகும்படி கழுந்தின் பக்கவாட்டில் ஒட்டி, மறுநாள் உளியால் மயிரிழை மயிரிழையாகச் சீவினேன். கையால் அழுத்தப் பாதி இறங்கியது. மீதி கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) இரண்டே தட்டு. சத்தம் கனத்து ஒலித்தபோது அப்படியொரு நிறைவு!

பிறகு இணைப்பின் குறுக்கே ஒரு மரமுளை, அதாவது சிறு மரக்குச்சி. அதற்காகக் கழுந்தில் போட்ட ஓட்டையை, துளைச் சுவரில் உள்ள ஓட்டைக்கு நேராக இல்லாமல், கழுந்தின் தோள் (அது தொடங்கும் படி) பக்கமாக 1 மி.மீ. தள்ளியிருந்ததால், முளை இறங்க இறங்க இணைப்பு தானே இறுகியது.

மேற்பலகையை ஒட்டவில்லை. மழைக்காலத்தில் அது அகலவாக்கில் உப்பும். அசைய இடம் விட்டு, மரக்கட்டைகளால் பிடித்திருக்கிறேன். எண்ணெய்ப் பூச்சு பாக்கி.