தினமும் ஓசூர், ஒரு நாள் டிராக்: ஆர்15 பைக்குக்கு 40 ஆயிலா, 50 ஆயிலா?

ஓசூர் ஷிஃப்ட்:
அண்ணன்மாருக்கு வணக்கம். என் வண்டி யமஹா ஆர்15 வி3 பைக். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போக வர தினமும் நூறு கிலோமீட்டர். அடுத்த மாதம் முதல்முறையாக சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறேன். இப்போது 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஓடுகிறது. டிராக் சூட்டுக்கு 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

ராயக்கோட்டை ரோடு பட்டறை:
மாற்ற வேண்டாம் தம்பி. முன்னால் இருக்கும் எண் குளிர்ச்சியில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. ஓசூர் மார்கழிக் காலைக்கும் 10டபிள்யூ தாராளம். சூட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்தான். 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை, 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு), 50 என்றால் அதற்கு மேல் 21.9-க்குள். கெட்டியான ஆயில் படலம் தடிமனாக நிற்கும், சரி. ஆனால் இன்ஜின் சுற்றுவதற்குத் தடையும் கூடும். 155 சிசி வண்டிக்கு அது பாரம்.

உங்கள் வண்டியில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். சூட்டில் ஆயில் நீர்த்துப் போகாமல் இருக்க அதில் பாலிமர் சேர்த்திருப்பார்கள்; கியர் பற்கள் அதை நறுக்கிக்கொண்டே இருக்கும். தினம் நூறு ஓட்டினால் ஒரே மாதத்தில் 2500 கிலோமீட்டர் தாண்டும். அந்தப் பழைய 40 புது 40 மாதிரி இருக்காது. கிரேடை விடுங்கள், டிராக்குக்கு இரண்டு நாள் முன்னால் புது ஆயில் ஊற்றுங்கள்.

கேனில் ஜாசோ எம்ஏ2 என்று இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். கிளட்ச் ஆயிலில் நனைந்தே ஓடும் பைக்குகளுக்கான தர முத்திரை அது. மீதமிருந்த கார் ஆயிலை என் பைக்கில் ஊற்றி ஒருமுறை சேலம் போனேன். திரும்பும்போது தொப்பூர் கணவாயில் கிளட்ச் வழுக்கி, ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் பிளேட் செட்டே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

தர்மபுரி 390:
மாதாமாதம் டிராக்கில் ஓட்டுகிறவர் என்றால், மேனுவல் இடம் கொடுக்கும்பட்சத்தில் 50 போடலாம். என் கேடிஎம் 390-க்கு கம்பெனியே 15டபிள்யூ-50 என்கிறது. அதைப் பார்த்து ஆர்15-க்கு ஊற்றக் கூடாது.

ஓசூர் ஷிஃப்ட்:
புரிந்தது அண்ணா, 40-லேயே போகிறேன். டிராக் முடிந்த பிறகு அதே ஆயிலில் வேலைக்குப் போகலாமா?

ராயக்கோட்டை ரோடு பட்டறை:
வீடு வரைக்கும் வரலாம். வழியில் ஆம்பூரில் டீ குடிக்க நிற்கும்போது ஆயில் மட்டம் பாருங்கள். மறுநாள் இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி இறக்கிவிடுங்கள். இறக்கின ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். காலை ஏழு மணிக்கே திறந்திருப்பேன்.