சேமக்காலை மெழுகுதிரியும் தெர்த்துல்லியனின் ஒரு வரியும்

உவர்மலையான்: நவம்பர் 2ஆம் திகதி இறந்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் வழக்கம் அப்போஸ்தலர் காலத்திலிருந்தே உள்ளது என்று ஒருவர் நேற்று இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கன்னியா வெந்நீரூற்றில் சைவர்கள் இறந்தோருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வதற்கும் இதற்கும் பெயர்தான் வேறு. அப்போஸ்தலர் ஒருவராவது அப்படிச் செய்ததாக ஒரு வசனம் காட்டுங்கள்.

பாலையூற்றான்: எழுதியவன் நான்தான், ‘ஒருவர்’ என்று மறைப்பானேன்? படைவீரன் ஒருவன் வாகைமுடி அணிய மறுத்ததைப் பற்றி 211ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், இறந்தோருக்காக ஆண்டு நாளில் காணிக்கை ஒப்புக்கொடுக்கிறோம் என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் சொல்கிறார். புதிதாகத் தொடங்கினோம் என்று சொல்லவில்லை, ஒப்புக்கொடுக்கிறோம் என்கிறார். புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் பிறந்ததோ 1483இல்.

உவர்மலையான்: அடுத்த அதிகாரத்தைப் புரட்டவில்லையா? இவற்றுக்கு வேதத்தில் கட்டளை தேடினால் கிடைக்காது, மரபே ஆதாரம் என்று அவரே கைவிரித்துவிட்டார்.

பாலையூற்றான்: மரபு இருந்தது என்பதைத்தானே நானும் சொல்கிறேன்! ‘ஒப்புக்கொடுக்கிறோம்’ என்ற சொல்லுக்குப் பதில் சொல்லுங்கள்.

திருக்கடலூரான்: அந்தத் தெர்த்துல்லியன் பின்னாளில், திருச்சபை தள்ளிவைத்த மொந்தானு என்பவரின் கூட்டத்தோடு சாய்ந்தவர். நீங்களே புனிதர் பட்டம் கொடுக்காத ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது வேடிக்கையாக இருக்கிறது.

பாலையூற்றான்: வழக்கம் இருந்தது என்று சாட்சி சொல்வதற்குப் புனிதராக இருக்க வேண்டியதில்லை. அவர் வேண்டாமென்றால் மோனிக்காவைக் கேளுங்கள்: 387இல் ஒஸ்தியாவில் சாகும் தறுவாயில், உடலை எங்கே புதைத்தாலும் சரி, ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் மகன் அகுஸ்தீனிடம் கேட்டார். இறந்தோருக்காக மன்றாடுவதைத் தடுக்கவில்லை என்று லூத்தரின் தோழர் மெலாங்தனே 1531இல் எழுதியிருக்கிறார். சென்ற வருட ஞானஸ்நான விவாதத்தில் பாதியில் ஓடியவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

உவர்மலையான்: நான் ஓடவில்லை, மின்சாரம் நின்றது. 387 அப்போஸ்தலர் காலமா? 211தான் அப்போஸ்தலர் காலமா?

கன்னியாக்காரன்: நான் சைவன். என் தாயாரின் அந்தியேட்டியைக் கன்னியாவில்தான் செய்தேன். அதை ஏளனத்துக்கு இழுக்க வேண்டாம். நினைவுகூர்வது, இறந்தவருக்காக வேண்டுவது, இறந்தோரின் ஆன்மா தூய்மை பெறும் இடமாகக் கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்பாமல் பேசினால் என்ன? கிரேக்கத் திருச்சபையார் இரண்டாவதைச் செய்கிறார்கள், மூன்றாவதை ஏற்பதில்லை என்று படித்திருக்கிறேன்.

பாலையூற்றான்: ஐயா, அது வேறு கதை. உவர்மலையாரே, சென்ற நவம்பரில் உங்கள் பெரியம்மாவின் கல்லறையில், கடற்காற்றுக்கு அணையாதபடி சிரட்டைக்குள் மெழுகுதிரியை வைத்து ஏற்றியவர் யார்? பக்கத்துக் கல்லறையில் நின்று பார்த்தேன்.

உவர்மலையான்: அவர் கத்தோலிக்கர், அவர் விருப்பத்துக்காக ஏற்றினேன். மன்றாடவில்லை. என் வீட்டுத் துக்கத்தை இங்கே இழுப்பதுதான் உங்கள் மரபா? வசனம் எங்கே?

பாலையூற்றான்: ஒப்புக்கொடுக்கிறோம். 211. பதில் வரும்வரை இதையே எழுதிக்கொண்டிருப்பேன்.

திருக்கடலூரான்: மொந்தானு.