‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ படத்து எஞ்சின் உண்மையானதா?

கேள்வி (கும்பகோணம்):
விடுமுறையில் மகனுடன் 2004-இல் வெளிவந்த இப்படத்தைப் பார்த்தேன். அந்த நீராவி எஞ்சின் வெறும் கற்பனையா என்று கேட்கிறான்; அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (பொன்மலை):
1941-இல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, இன்று மிச்சிகன் மாநிலத்து ஓவாசோ ஊரில் பாதுகாக்கப்படும் ‘பெரே மார்க்கெட் 1225’ எஞ்சினைப் பார்த்தே அதை வடித்தார்கள்; முன்னால் இரண்டு, நடுவே எட்டு, பின்னால் நான்கு என்ற சக்கர அமைப்பும் அதுவே, நீராவிச் சீற்றமும் அதிலிருந்தே பதிவு செய்யப்பட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது.

பதில் (மயிலாடுதுறை):
ஒலியை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் செங்குத்துச் சரிவில் ரயில் பாய்ந்திறங்கும் காட்சியை ஏற்க இயலவில்லை; நம் நீலகிரி மலை ரயிலில் 12 அடிக்கு 1 அடி ஏற்றத்துக்கே தண்டவாளங்களின் நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொள்ளும் பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். அந்தப் பாதையிலுள்ள கல்லாறுக்கு அழைத்துச் சென்று மகனுக்கு அதைக் காட்டுங்கள்.

பதில் (பொன்மலை):
அம்மலையில் ஓடும் நீராவி எஞ்சின்கள் சிலவற்றை எங்கள் பொன்மலை ரயில்வே பணிமனையே கட்டியது என்பதையும் அவனிடம் அவசியம் சொல்லுங்கள்.