சாம்பார் ஏற வேண்டிய மேடு

சித்தப்பா: தச்சர் நாளைக் காலை மேட்டுப்பாளையம் வருகிறார். தை மாதம் சாப்பாட்டுக் கடை திறக்க வேண்டுமானால், சாப்பாடு கொண்டுபோகும் சிறு ரயிலை மேடைக்கு எப்படி ஏற்றுவது என்று இன்றிரவே சொல்லுங்கள்.

பெரியப்பா: மேடையே வேண்டாம் என்று அஸ்திவாரம் போடும்போதே சொன்னேன்.

அக்கா: மேடையைக் கட்டி முடித்துவிட்டார்கள், பெரியப்பா.

குன்னூர் மாமா: மேடையின் உயரம் 2 அடி, தண்டவாளத்துக்குக் கிடைக்கும் நீளம் 25 அடி, அதாவது பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் நம் நீலகிரி மலை ரயில் ஏறுகிற மிகக் கடுமையான சரிவும் ஏறக்குறைய இதே கணக்குதான். அங்கே வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால், நடுவில் பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்து, 1899-இல் குன்னூர் வரை வண்டி விட்டார்கள். எஞ்சினையும் முன்னால் பூட்டாமல் பின்னாலிருந்து தள்ள வைத்தார்கள். கொக்கி கழன்றாலும் பெட்டிகள் உருண்டோடாமல் எஞ்சின்மேல் சாய்ந்து நிற்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சித்தப்பா: வண்டி ஏறிவிடும், மச்சான். சரிவில் சாம்பார் வழியுமே, அதற்கு என்ன செய்வது?

பவானி அத்தை: கிண்ணத்தில் ஏன் வைக்கிறாய்? சின்னத் தூக்குவாளியில் ஊற்றி மூடி, பெட்டியின் குறுக்குக் கம்பியில் தொங்கவிடு. பெட்டி சாய்ந்தாலும் வாளி நேராகவே தொங்கும்.

அக்கா: அத்தை சொல்வது அருமையாக இருக்கிறது. பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

குன்னூர் மாமா: வளைவில் வேகமாகப் போனால் வாளி பக்கவாட்டில் ஆடும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சித்தப்பா: பற்சட்டம் கடகடவென்று சத்தம் போடாதா?

பவானி அத்தை: மேடையின் பின்சுவரில் ஜமக்காளம் தொங்கட்டும். தடித்த நெசவு எதிரொலியைக் குறைக்கும்; நீலக் கோடு போட்டதாக நானே வாங்கி வருகிறேன்.

பெரியப்பா: அப்பாருவின் வண்டிச் சக்கரத்தையும் அந்தச் சுவரில் மாட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது தோட்டத்தை விட்டு வெளியே போகாது.

சித்தப்பா: பங்கு பிரித்தபோது அது என் பக்கம் வந்தது, அண்ணா.

அக்கா: ஆத்தா பக்கத்தில் இருக்கிறார். சக்கரத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுங்கள் என்கிறார். திறப்பு விழாவுக்கு இடியாப்பம் போலப் பிழிகிற சந்தகை உண்டா என்றும் கேட்கிறார்.

சித்தப்பா: சந்தகை உண்டு. தச்சரிடம் பற்சட்டத்தை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். தூக்குவாளியில் முதலில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்ப்போம்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை நான் வருவேனா என்பது தெரியவில்லை.