ஆழியார் பக்கத்து மரம்: ஆயமரமா, செல்டிஸா? கன்னு வளர்த்தவங்க சொல்லுங்க

வணக்கமுங்க. ஆழியாருக்கு மேல ஓடைக்கரையில நிக்கற ஒரு மரத்தை அடையாளம் காட்டோணும்.

பெரியவங்க சிலர் ஆயமரம்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலைங்க. ஆயமரத்து விதை காசு மாதிரி தட்டையா, சுத்தியும் றெக்கையோட காத்துல பறக்கும். இதுல உருண்டையான சின்னப் பழம். சதை கொஞ்சம்தான், உள்ளே ஒரே கெட்டிக் கொட்டை. இலைக்காம்பு சேர்ற இடத்துல இருந்தே மூணு நரம்பு தெளிவாப் பிரியுது. அதனாலதான் செல்டிஸ்ங்கற (Celtis) மரப் பேரினமோன்னு நினைக்கறேன். ட்ரீமாங்கற (Trema) மரத்துக்கும் இலை இந்தச் சாயல்தான், ஆனா அதோட பழம் இன்னும் பொடிசு, இலையும் சொரசொரன்னு விளிம்புல பல்லு பல்லா இருக்கும். இதுல பல்லு இல்லைங்க, தோல் மாதிரி தடிப்பா, வழவழன்னு இருக்கு.

செல்டிஸ்லயே டைமோரென்சிஸ்னு ஒண்ணு, கட்டையை வெட்டினா நாத்தம் அடிக்குமாம். அதுவா, இல்லை பிலிப்பென்சிஸ்ங்கற இன்னொரு செல்டிஸ் வகையானு எதை வெச்சுப் பிரிக்கறதுங்க? மரத்துல கத்தி வைக்க மனசில்லை. படம் கீழே போட்டிருக்கறேன்.

கீழே விழுந்த பழம் கொஞ்சம் பொறுக்கி வெச்சிருக்கறேன். சதையைக் கழுவிட்டு உடனே ஊன்றதா, நிழல்ல காய வெச்சா? மொளைக்க எத்தனை நாள் ஆகும்? எங்க தோட்டம் பல்லடம் பக்கம். செம்மண்ணு, சுண்ணாம்புக்கல்லு, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆளையே தள்ளும். வேலியோரம் கிளுவைக்குப் பக்கத்துல வெச்சா தாங்குமா, இல்லை வாய்க்கா ஓரம்தான் வேணுமா? நட்டு வளர்த்தவங்க யாராச்சும் இருந்தா அவசியம் சொல்லுங்க. பழந்தின்னிப் பறவைக எங்க காட்டுக்கும் வரோணும்னு ரொம்ப ஆசைங்க.