கிணற்று நீரில் ஓடும் சலவை இயந்திரம்: தண்ணீர் நிரம்பத் தாமதம், தொட்டால் மின் அதிர்வு

கேள்வி: கல்லடியிலிருந்து ஓர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணற்பாங்கான நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. ஐந்து வருடங்களுக்கு முன்னர் வாங்கிய, மேல்மூடி திறக்கும் வகையைச் சேர்ந்த 7 கிலோ சலவை இயந்திரத்தை இப்போதும் பயன்படுத்துகிறோம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குழாய் நீர் உண்டு. உடுப்புத் துவைக்க மட்டும் கிணற்று நீரை மோட்டரால் கூரைமேல் உள்ள தாங்கிக்கு ஏற்றிப் பயன்படுத்துகிறோம்.

சென்ற கச்சான் காலம் (வறண்ட தென்மேல் காற்று வீசும் காலம்) தொடங்கியதிலிருந்து இயந்திரத்தில் தண்ணீர் நிரம்ப நாற்பது நிமிடங்களுக்கு மேல் செல்கிறது. சில நாட்களில் பாதி நிரம்பியதும் விளக்குகள் மின்னி, ஒலி எழுப்பி நின்றுவிடுகிறது. பிழியும் கட்டத்தில் தொட்டி பக்கங்களில் இடிபட்டு, மறுபடியும் தண்ணீரை எடுத்து அலசத் தொடங்குகிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. அவற்றைப் போக்குவதற்கு வெளிற்றும் திரவத்தை ஊற்றியபோது புள்ளிகள் இன்னும் கறுத்துவிட்டன. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, ஈரக் கையோடு இயந்திரத்தின் இரும்பு உடம்பைத் தொடும்போது உணரப்படும் மெல்லிய மின் அதிர்வுதான்.

வந்து பார்த்த திருத்துநர் ஒருவர், மின்னணு போர்ட் பழுதாகிவிட்டது என்றும் அதை மாற்ற வேண்டும் என்றும் சொல்லி, புதிய இயந்திரத்தின் விலையில் ஏறத்தாழ அரைவாசியைக் கேட்டார். அந்தப் பணத்தைச் செலவிடுவதற்கு முன்னர், அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

மறுமொழி 1: ஆரையம்பதியிலிருந்து, திருத்த வேலை செய்பவர்

வணக்கம் ரீச்சர். போர்ட்டை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் தண்ணீர் உரிய மட்டத்துக்கு வராவிட்டால் வேலையை நிறுத்தி எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்பதே அந்தப் போர்ட்டுக்கு இடப்பட்ட கட்டளை. உங்கள் இயந்திரம் அதைத்தான் செய்கிறது. தண்ணீர் ஏன் வரவில்லை என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

முதலில் பிளக்கைக் கழற்றி, தண்ணீர்க் குழாயையும் மூடிவிட்டு, இயந்திரத்தின் பின்புறம் பூட்டப்பட்டிருக்கும் குழாயைக் கையால் திருகிக் கழற்றுங்கள். குழாயின் அந்த நுனியை ஒரு வாளிக்குள் பிடித்துத் தண்ணீரைத் திறந்தால், பத்து லீற்றர் வாளி ஒரு நிமிடமளவில் நிரம்ப வேண்டும். அப்படி நிரம்பினால் தாங்கியிலும் குழாயிலும் குறை இல்லை; அடைப்பு இயந்திரத்துக்குள்தான் இருக்கிறது. வாளி நிரம்ப நான்கைந்து நிமிடங்கள் எடுத்தால் நீரின் அழுத்தம் போதாது என்று கொள்ளலாம். பல இயந்திரங்களின் வால்வுக்கு ஆகக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும்; அது கிடைப்பதற்குத் தாங்கியின் நீர்மட்டம் வால்வை விட மூன்று மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். கூரைக்குச் சற்று மேலே தாங்கியை வைத்துவிட்டு, இயந்திரத்தை மேல்மாடியில் வைத்திருக்கும் வீடுகளில் இந்த உயரம் கிடைப்பதில்லை. உங்களுடைய இயந்திரம் இவ்வளவு காலமும் நன்றாக ஓடியிருப்பதால், காரணம் அதுவாக இராது என்றே நினைக்கிறேன்.

குழாயைக் கழற்றிய இடத்தில் வால்வின் வாய்க்குள் சிறு வலை ஒன்று தெரியும். அதன் நடுவில் உள்ள குமிழைக் குறட்டால் மெதுவாகப் பிடித்து இழுத்தால் வெளியே வரும். கல்லடி, நாவலடி, டச்பார் பக்கம் நான் கழற்றிய வலைகளில் பாதிக்கு மேல் மணலும் செம்மண் போன்ற இரும்புச் சேறும் அப்பியிருக்கக் கண்டிருக்கிறேன். வலையைத் தேசிக்காய்ச் சாற்றில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, திரும்பவும் அதே இடத்தில் பொருத்துங்கள். வலை இல்லாமல் மட்டும் இயந்திரத்தை ஓட விடாதீர்கள். வால்வின் இறப்பர்த் தட்டுக்கு இடையில் ஒரு மணல் பருக்கை சிக்கினால், இயந்திரம் நின்றிருக்கும்போதும் தண்ணீர் உள்ளே வடிந்துகொண்டே இருக்கும்.

இப்போது அந்தப் புள்ளிகளைப் பற்றி. கிணற்றின் அடியில் இருக்கும்போது இரும்பு நீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நீர் மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படியும். ஒரு வாளியில் கிணற்று நீரை இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். காலையில் செந்நிறப் படிவு தெரிந்தால் சந்தேகமே இல்லை. குளோரின் கலந்த வெளிற்றும் திரவம் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தித் துருவை நூலிலேயே பிடிக்கச் செய்துவிடும். உங்களுடைய சீருடை கறுத்ததற்கு அதுவே காரணம். துருவுக்குப் புளிப்புத்தான் மருந்து. அந்த வெளிற்றியை நன்றாக அலசிப் போக்கிய பின்னர், தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள், அல்லது வெந்நீரில் கரைத்த சிற்றிக் அமிலத்தில் ஊறப் போடுங்கள். வெளிற்றியையும் புளிப்பையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம்; அவை கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வெளிவரும்.

நீரில் உள்ள சுண்ணாம்பு இயந்திரத்தைத் தின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சுண்ணாம்பு பெரும்பாலும் நீர் சூடாகும்போதுதான் படியும். ஆகவே முன்பக்கம் திறக்கும், உள்ளே சூடாக்கி உள்ள இயந்திரங்களுக்கே அந்தக் கவலை அதிகம். உங்களுடையது குளிர்ந்த நீரில் ஓடுவதாக இருந்தால், இரும்புச் சேறும் சவர்க்காரக் கசடுமே பெரிய எதிரிகள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, உடுப்பு எதுவும் போடாமல், 100 கிராம் சிற்றிக் அமிலத்தை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றி ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். கையால் துவைப்பதற்கான, நுரை பொங்கும் தூளைப் போடாதீர்கள். நுரை மிஞ்சினால் பிழியும் வேகம் குறைவதோடு, நீர்மட்டத்தை அறியும் மெல்லிய காற்றுக் குழாயின் அடியிலும் கசடு கட்டிவிடும்.

இடிபடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்கள் நான்கும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குளியலறைத் தரை பெரும்பாலும் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். அடுத்ததாக, வெறுந்தொட்டியைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. துள்ளிக்கொண்டே இருந்தால் அதைத் தாங்கும் நான்கு தொங்கு கம்பிகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மறுமொழி 2: சாய்ந்தமருதிலிருந்து, மின் வேலை செய்பவர்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். சகோதரி, மின் அதிர்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னர் கவனிக்க வேண்டியது அதுதான். அது சரியாகும்வரை அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

இத்தகைய இயந்திரங்கள் பலவற்றின் உள்ளே, மின்னில் வரும் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறு கொள்ளளவிகள் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியாக வரும் மிகச் சிறிய மின்னோட்டம், புவித்தொடுப்பு வயர் (எர்த் வயர்) நல்ல நிலையில் இருந்தால் யாருக்கும் தெரியாமல் நிலத்துக்குள் போய்விடும். அந்த வயர் எங்காவது அறுந்திருந்தால், இயந்திரத்தின் உடம்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய அரைவாசி அழுத்தத்தில் நிற்கும்; ஈரக் கைக்கு அது ஊசி குத்துவதுபோல் தெரியும். அந்த அளவு தானாக உயிரைப் பறிக்காது. ஆனால், நாளைக்கே மோட்டரின் சுற்று கசிந்தாலோ, ஒரு வயர் உரசி உடம்பில் பட்டாலோ, உங்களைக் காப்பாற்றும் பாதை அங்கே இல்லை என்பதை அந்தக் கூச்சம் முன்கூட்டியே சொல்கிறது. கசிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டதா என்பதைக் கருவி வைத்துப் பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும்.

டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். வீடுகளில் உள்ளது வழக்கமாக 30 மில்லியம்பியர் கசிந்தால் விழும் வகை. நீங்கள் உணர்ந்த அதிர்வு அதைவிடப் பல மடங்கு சிறியது, ஆகவே அது விழாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தும்போது சுவிட்ச் விழுந்தால், சுவிட்ச் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். புவித்தொடுப்பு அறுந்திருந்தாலும் அந்தப் பொத்தான் அதே போல விழச் செய்யும்.

நம்முடைய கரையோரத்தில் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றினால் புவிக்கம்பியின் தலையில் உள்ள பிணைப்பு அரித்துப் போயிருக்கும். மேலே மண் மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. மற்றது, காய்ந்த மணல் மின்னை நன்றாகக் கடத்தாது. மாரியில் நன்றாக இருந்த புவித்தொடுப்பு, கச்சான் வீசி மேல்மணல் உலர்ந்ததும் பலம் இழந்துவிடும். அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுவது சில நாட்களுக்குத்தான் உதவும். கல்லடி போன்ற இடங்களில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லாததால், ஈரம் மாறாத மட்டம்வரை கம்பியை இறக்குவது கடினமான வேலையும் அல்ல. தகுதி உள்ள ஒருவரைக் கொண்டு புவித்தடையை அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் புவி வயரைக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்க வேண்டாம். இப்போதைய குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை, அவை மின்னைக் கடத்தா.

மறுமொழி 3: களுவாஞ்சிக்குடியிலிருந்து

தங்கச்சி, பெரியவர்கள் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இயந்திரத்தின் அடிப்பக்கம் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயல் அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் எலிகள் வந்துவிடும். என் வீட்டில் அவை அடியால் ஏறி, மோட்டருக்குப் போகும் வயரைக் கடித்து, செம்பு வெளியே தெரியும்படி விட்டிருந்தன. சிறு துளையுள்ள கம்பி வலையை அடியில் பொருத்திய பின்னர் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி கேட்டவரின் பதில்: பன்னிரண்டு நாட்களுக்குப் பின்னர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சகோதரர் சொன்னபடி முதலில் மின் வேலை செய்பவரை அழைத்தேன். கிணற்றடி ஓரத்தில் புவிக்கம்பி இருந்த இடத்தைத் தோண்டியபோது, பிணைப்பு முழுவதும் பச்சை பூத்து, அவர் விரல் பட்டதுமே வயர் கையோடு வந்துவிட்டது. பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடித் திரியும் இடத்தில் இவ்வளவு காலம் அப்படி இருந்ததை நினைக்க மனம் பதைத்தது. புதிய கம்பியை ஈரமணல்வரை இறக்கி, அளந்து காட்டினார். இயந்திரத்துக்குள்ளும் கசிவு இல்லை என்று சோதித்துச் சொன்னார். இப்போது ஈரக் கையால் தொட்டாலும் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு வலையைக் கழற்றினேன். துளைகளே தெரியாதபடி செந்நிறச் சேறு அப்பியிருந்தது. கழுவிப் பூட்டிய அன்றே தண்ணீர் பத்து நிமிடங்களில் நிரம்பியது. அன்றிலிருந்து இயந்திரம் ஒருமுறையும் இடையில் நிற்கவில்லை. தொட்டியை அழுத்திப் பார்த்தபோது அது துள்ளிக்கொண்டே இருந்ததால், தொங்கு கம்பிகள் நான்கையும் மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அவை வரும்வரை பாதியளவு உடுப்பு மட்டுமே போடுகிறேன். சீருடைகளில் இரண்டு தேசிக்காய்ப் புளியில் வெளுத்துவிட்டன. வெளிற்றி ஊற்றிய சட்டையில் மங்கிய மஞ்சள் இன்னும் இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரும்பைத் தாங்கியிலேயே குறைக்க வழி உண்டா?

மறுமொழி 4: ஆரையம்பதியிலிருந்து

உண்டு, ரீச்சர். தாங்கிக்குள் விழும் குழாயின் நுனியில் குளிக்கும் பூவாளித் தலை ஒன்றைப் பூட்டினால், நீர் துளிகளாகக் காற்றோடு கலந்து விழும். கரைந்த இரும்பில் ஒரு பகுதி துருவாகி அடியில் தங்கும். மாலையில் நீரேற்றி, காலையில் துவையுங்கள். இயந்திரத்துக்குப் போகும் குழாயைத் தாங்கியின் அடியிலிருந்து எடுக்காமல், ஒரு சாண் மேலே இருந்து எடுக்கச் சொல்லுங்கள். அடியில் தனியாக ஒரு கழிவு வாய் வைத்து மாதம் ஒருமுறை சேற்றைத் திறந்து விடலாம். கோடையில் மோட்டரை நீண்ட நேரம் தொடர்ந்து ஓட விடாதீர்கள். உங்கள் மணலில் நல்ல நீர், உவர் நீரின் மேல் மிதந்து நிற்கிறது; அதிகமாக இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறிவிடும், ஏறிய உவர் அடுத்த மாரிக்குத்தான் இறங்கும். கம்பிகள் வந்ததும் பழையவற்றின் நீளத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.