இருவர் மட்டும் ஓட்டும் படகு: கரையோரப் பாய்மரப் பயணத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை

கணவனும் மனைவியுமாக ஒரு பத்து மீட்டர் படகில் குடியேறிக் கரையோரமாகவே போய்வர நினைப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது: படகில் இருவர் இருந்தாலும் எந்த நேரத்திலும் ஓட்டுவது ஒருவர்தான். மற்றவர் தூங்குவார், சமைப்பார், குமட்டலில் சுருண்டு கிடப்பார், இல்லாவிட்டால் அணியத்தில் (படகின் முன்முனையில்) நங்கூரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஒரு கருவி வாங்கும்போதும், ஒரு கயிற்றை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று யோசிக்கும்போதும், ஒற்றை ஆள் இருட்டில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்த ஏற்பாடு இருவர் படகுக்கு ஆகாது.

பாயைச் சுருக்குவதிலேயே இது தெரிந்துவிடும். ரீஃப் (பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பது) போடலாமா என்ற எண்ணம் வந்தவுடனே போட்டுவிட வேண்டும். பெரும்பாலான குடும்பப் படகுகளுக்கு 15 முதல் 18 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றிலேயே முதல் ரீஃப் தேவைப்படும். காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போதுதான் ஏமாறுகிறார்கள். 20 நாட் காற்றில் படகு 6 நாட் வேகத்தில் ஓடினால் மேல்தளத்தில் உடம்பு உணர்வது 14 நாட்தான். சுகமாக இருக்கிறதே என்று முழுப் பாயோடு போய்க்கொண்டிருந்துவிட்டு, எதற்காகவோ காற்றை எதிர்த்துத் திரும்பினால் அதுவே 25 நாட்டாக முகத்தில் அறையும்.

ரீஃப் போடும் வரிசை இது. பெரிய பாயின் தாமானையும் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) பூமைக் (பாயின் அடிவிளிம்பில் கிடக்கும் கழி) கீழே பிடித்திருக்கும் கயிற்றையும் தளர்த்துங்கள். பூமின் பின்முனையைத் தாங்கும் கயிற்றைச் சற்று ஏற்றுங்கள். பாயை ஏற்றும் கயிற்றில் ஒவ்வொரு ரீஃபுக்கும் மார்க்கரால் முன்பே அடையாளம் போட்டிருந்தால் அதுவரை இறக்கினால் போதும். முன்விளிம்பு வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஏற்றுகயிற்றை மறுபடி நன்றாக இறுக்கி, அதன்பிறகே பின்விளிம்பு ரீஃப் கயிற்றை வின்சில் (கயிற்றை இறுக்கும் உருளை) சுற்றிப் பூமோடு ஒட்டும்வரை இழுக்க வேண்டும். பின்விளிம்பை முதலில் இழுத்துவிட்டால் முன்விளிம்பை இறுக்கவே முடியாது. சுமை தவறான இடத்தில் ஏறித் தையல் விட்டுப்போகும்.

———

ஒரு சின்ன மறுப்பு. எல்லாக் கயிற்றையும் சுக்கானருகே கொண்டுவந்துவிட்டால் மேல்தளத்தில் ஏறவே வேண்டாம் என்று நம்பிப் பலர் ஒற்றைக் கயிறு ரீஃப் முறையைப் பொருத்துகிறார்கள். வழியில் வரும் ஒவ்வொரு புல்லியும் உராய்வைக் கூட்டும். இரண்டாவது ரீஃபில் கயிறு எங்கோ சிக்கி, கடைசியில் மேலே ஏறித்தான் விடுவிக்க வேண்டியிருக்கும், அதுவும் காற்று முற்றிய பிறகு. பாய்மரத்தடியில் ஹார்னஸின் (உடம்பில் அணியும் பாதுகாப்புக் கச்சை) குட்டை வாரை மாட்டி நின்று அங்கேயே முடிப்பது பல படகுகளில் சீக்கிரம் நடக்கிறது.

பின்காற்றில் பூமைக் கட்டிவைக்கும் கயிற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலையில் படகு ஒருமுறை தடுமாறினால் பூம் மறுபக்கம் வீசும். அந்த நேரம் எதிரில் தலை இருந்தால் பிழைப்பது கடினம். கயிறு பூமின் கடைசி முனையிலிருந்து அணியத்திலுள்ள புல்லிக்குப் போய், அங்கிருந்து சுக்கானருகே திரும்ப வேண்டும். பூமின் நடுவில் கட்டினால் முனை அலையில் முங்கும்போது பூமே ஒடியலாம்.

இரவு ஓட்டத்துக்கு ஆளுக்கு 3 மணி நேரக் காவல் முறை பலருக்கு ஒத்துவருகிறது. முதல் இரண்டு இரவுகள் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. நடுக்கடலைவிடக் கரையோரம்தான் கண்ணுக்கு வேலை: விளக்கில்லாத மீன்பிடிப் படகுகள், வலை மிதவைகள், பக்கத்திலேயே தரை. பாய் மாற்றும் வேலையை முறை மாறும் நேரத்துக்கு வைத்துக்கொண்டால் இருவரும் விழித்திருப்பார்கள். தூங்குகிறவர் ஓட்டுமிடத்துக்கு வராமல் காவலில் இருப்பவர் அங்கிருந்து முன்னே போகக் கூடாது. இந்த ஒரு விதியில் தம்பதிகள் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாவம், அசந்து தூங்கட்டும் என்ற கரிசனம்தான் ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

———

நங்கூரம். கரையோரப் பயணத்தில் நிம்மதியான தூக்கம் இதில்தான் இருக்கிறது, எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆழத்தின் ஐந்து மடங்கு செயின் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த ஆழம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். வந்து சேர்ந்தபோது ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது. நீரேற்றம் இன்னும் 2 மீட்டர் பாக்கி. அணியத்து உருளை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். ஆக 7 மீட்டர், அதற்கு ஐந்து மடங்கு 35. நான்கை மட்டும் கணக்கில் எடுத்து 20 மீட்டர் விட்டால், நீர் உச்சத்துக்கு வரும்போது மூன்று மடங்குகூட இருக்காது, செயின் நங்கூரத்தைத் தரையிலிருந்து கிளப்பிவிடும். ஆழமானி எங்கிருந்து அளக்கிறது, நீர்மட்டத்திலிருந்தா கீலின் (படகின் அடியில் நீண்டிருக்கும் தகடு) அடியிலிருந்தா என்பதையும் ஒருமுறை கயிற்றில் ஈயக்குண்டு கட்டிச் சரிபார்த்துவிடுங்கள். செயினோடு கயிறு கலந்திருந்தால் ஏழு மடங்கு. பலத்த காற்று எதிர்பார்த்தால் எதுவாயினும் இன்னும் கூட்டுங்கள்.

போடும்போது படகு முழுதாக நின்று பின்னுக்கு நகரத் தொடங்கிய பிறகே விட வேண்டும். ஓடுகிற படகிலிருந்து கொட்டினால் செயின் நங்கூரத்தின் மேலேயே குவிந்து அதன் முனையைச் சுற்றிக்கொள்ளும். பாதி நீளம் போனதும் செயினை மெதுவாகப் பிடித்து, படகின் அணியம் அதன் பக்கம் திரும்பட்டும், பிறகு மீதியை விடுங்கள். எல்லாம் விட்டபின் பின்கியரில் முதலில் மெதுவாக, பிறகு 1500 முதல் 2000 சுற்று வரை ஏற்றி அரை நிமிடமாவது பிடிக்க வேண்டும். அப்போது கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களை, ஒரு மரமும் பின்னால் ஒரு கட்டடமும் என்பதுபோல், பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. செயினில் கைவைத்தாலும் தெரியும்: பிடித்திருந்தால் இறுக்கம் மட்டும் இருக்கும், இழுபட்டால் தடதடவென்று அதிர்வு வரும். கடற்புல் அடர்ந்த தரையில் நன்றாகப் பிடித்ததுபோல் ஏமாற்றிவிட்டு நடுராத்திரி வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். வெளிர்நிற மணல் திட்டைத் தேடிப் போடுங்கள்.

செயினை எடுக்கும் மின்சக்கரத்தின் மீது இரவெல்லாம் சுமையை விடக் கூடாது. 10 அல்லது 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு, 6 முதல் 10 மீட்டர் நீளத்தில், ஒரு முனை செயினில் கொக்கி, மறுமுனை அணியத்துக் கட்டையில். நைலான் நீளும், அலை தரும் உதறலை அதுவே வாங்கிக்கொள்ளும். நங்கூரத்தைச் செயினோடு இணைக்கும் ஷேக்கிளின் திருகாணியைத் துருப்பிடிக்காத கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுங்கள், தானாகக் கழலாது. படகு நகர்ந்தால் ஒலிக்கும் ஜிபிஎஸ் எச்சரிக்கையை நங்கூரம் தண்ணீரைத் தொட்ட இடத்திலேயே குறிக்க வேண்டும், படகு பின்வாங்கி நின்ற இடத்திலன்று. வட்டத்தின் ஆரம் விட்ட செயினின் நீளமும் படகின் நீளமும் சேர்ந்தது.

அணியத்துக்கும் சுக்கானுக்கும் நடுவே கத்திக்கொள்வது பயனற்றது. காற்றும் இயந்திரமும் பாதிச் சொல்லைத் தின்றுவிடும், மீதிப் பாதி சண்டையாகிவிடும். முன்னே, பின்னே, நியூட்ரல், நிறுத்து என்று நான்கு கைச்சைகை போதும்.

———

ஒருவர் கடலில் விழுந்தால் மிச்சம் ஒருவர்தான். 6 நாட் வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் படகு 185 மீட்டர் போய்விடும். ஒரு மீட்டர் அலையிருந்தால் தலை கண்ணில் படாது. ஆகவே முக்கால் பங்கு முயற்சி விழாமல் இருப்பதில்தான். ஹார்னஸ் மாட்டும் பட்டை நாடா மேல்தளத்தின் ஓரமாக இல்லாமல் நடுவை ஒட்டிப் போகட்டும், வார் 1 மீட்டருக்குள் இருக்கட்டும். 2 மீட்டர் வாரும் ஓரத்து நாடாவும் சேர்ந்தால் விழுந்தவர் படகோடு தண்ணீரில் இழுபட்டு மூழ்குவார். நாடா தட்டையாக இருக்க வேண்டும், உருண்டைக் கயிறு காலடியில் உருளும். வெயிலில் கிடந்தால் நூல் வலுவிழக்கும், ஓட்டம் இல்லாத நாளில் கழற்றி வையுங்கள்.

விழுந்துவிட்டால்: மிதவையை எறிந்து, விழுந்த இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் பொத்தானை அழுத்தி, ஆட்டோபைலட்டை (தானாகத் திசை பிடிக்கும் கருவி) துண்டித்து உடனே படகைக் காற்றுக்குள் திருப்புங்கள். ஜிப்பின் (முன்பாய்) தாமானைத் தொடாதீர்கள். படகு மறுபக்கம் திரும்பியதும் ஜிப் காற்றைத் தலைகீழாக வாங்கும், படகு ஆளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். இயந்திரத்தைக் கிளப்பும் முன் தண்ணீரில் கயிறு எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள். புரொப்பெல்லரில் கயிறு சுற்றினால் எல்லாம் முடிந்தது. ஆள் அருகே வந்ததும் நியூட்ரல்.

கிட்டே கொண்டுவருவதைவிட மேலே ஏற்றுவது கடினம். நனைந்த உடையோடு சோர்ந்துபோன ஒருவரைத் துணைவரின் கைப்பலம் தூக்காது. ஏற்றுகயிற்றின் முனையில் மாட்ட நான்கு மடங்கு வலுத் தரும் கப்பிக் கயிறு ஒன்றைப் பையில் தயாராக வைத்து, அதன் இழுமுனையை வின்சுக்குக் கொண்டுபோங்கள். காற்றில்லாத நாளில் ஒருவர் தண்ணீரில் இறங்கி, மற்றவர் தனியாக ஏற்றிப் பாருங்கள். உடம்பு எடை குறைந்தவர்தான் ஏற்றிப் பழக வேண்டும்.

கடல் வி.எச்.எஃப் வானொலியில் அபாய அழைப்புக்கான 16ஆம் சேனல் இருவருக்கும் கைவர வேண்டும். சிவப்பு மூடிக்குக் கீழுள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இடம் உட்பட அபாய அழைப்பு போகும், படகின் அடையாள எண்ணைப் பதிந்து ஜிபிஎஸ் இணைப்பும் கொடுத்திருந்தால் மட்டும்.

———

டீசல் இயந்திரம் துறைமுக வாயிலில்தான் நிற்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. டேங்கின் அடியில் மாதக்கணக்கில் படிந்த கசடும் தண்ணீரும் அலை குலுக்கும்போதுதான் கிளம்பி வடிகட்டியை அடைக்கும். சுற்று ஏறி இறங்கித் தடுமாறிப் பிறகு அணைந்தால் அனேகமாக இதுதான். டேங்க் குழாயை மூடி, வடிகட்டியை மாற்றி, சுத்தமான டீசல் நிரப்பித் திறங்கள். இரண்டாம் வடிகட்டியின் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை விட்டு இறுக்குங்கள்; அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகு. பம்புக் கை சப்பென்று ஓடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், இயந்திரத்தை அரைச்சுற்று சுழற்றினால் கை பிடித்துக்கொள்ளும்.

கிளம்பாத இயந்திரத்தை விடாமல் ஸ்டார்ட்டரில் சுழற்றும்போது குளிர்விக்கும் கடல்நீர் வால்வை மூடிவையுங்கள். புகைபோக்கி வழியே தள்ள வேகம் இல்லாததால் தண்ணீர் சைலன்சரில் நிரம்பி, கடைசியில் சிலிண்டருக்குள் இறங்கும். கிளம்பிய கணமே திறக்க வேண்டும். குளிர்விக்கும் கடல்நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரின் இதழ் உடைந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். உடைந்த துண்டுகள் வெப்பமாற்றியின் வாயில் கிடக்கும், தேடி எடுக்காவிட்டால் சூடேறுவது நிற்காது. துறைமுகம் நுழையும்போது பெரிய பாயின் உறையைக் கழற்றி, நங்கூரத்தை விடத் தயாராக வையுங்கள், இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி.

———

அடுத்து மின்சாரம். 12 வோல்ட் படகில் ஒரு நாளுக்கு: ஃபிரிட்ஜ் 45 ஆம்பியர் மணி, 8 மணி நேர ஓட்டத்தில் ஆட்டோபைலட் 24, கருவிகள் 12, விளக்கும் ஃபோனும் 10, எல்இடி நங்கூர விளக்கு இரண்டரை. கூட்டினால் 93 அல்லது 94. ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழ் இறக்கினால் ஆயுள் போகும், எனவே குறைந்தது 200 ஆம்பியர் மணி வேண்டும். சுமை இல்லாமல் ஓய்ந்திருக்கும்போது 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறையப் பாதி. 200 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் 60 ஆம்பியர் மணி தரும், ஆக 300 வாட்டாவது போடுங்கள். தகடுகளைத் தொடராக இணைத்தால் பூமின் நிழல் ஒன்றில் விழுந்தாலே எல்லாமே படுக்கலாம். இணையாக இணையுங்கள், இடமிருந்தால் தனித்தனிக் கட்டுப்படுத்தி.

தண்ணீருக்குப் பெரிய சூத்திரமில்லை. கால்மிதிப் பம்ப் வைத்தால் பாதிச் செலவு தானாகக் குறையும்.

———

பாய் ஏற்றியிருந்தாலும் இயந்திரம் உந்தும்போது சட்டப்படி அது இயந்திரப் படகுதான். பகலில் கூர்முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு, இரவில் இயந்திரப் படகின் விளக்குகள். பாய்மர உச்சியின் மூவண்ண விளக்கை அப்போது அணைக்க மறக்காதீர்கள்.

———

கழிவறை அடைப்புக்கும் ஒரு வரி. கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்பாக இறுகும். ஒவ்வொரு முறையும் 15 தடவை கூடுதலாகப் பம்ப் செய்தால் கழிவு குழாயில் தங்காது. வாரம் ஒருமுறை அரை லிட்டர் வினிகரை ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். படகின் அடிப்புற வால்வுகளை மாதம் ஒருமுறை திறந்து மூடி, ஒவ்வொன்றின் அருகிலும் உடைந்தால் துளையை அடைக்க அளவான மரக்கூம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.